மில்லுக்காரரின் படத் திறப்பு

காலை ஏழே கால் மணி. சின்னமனூர் நெல்லுக் கிட்டங்கியின் கதவைத் திறக்கச் சாவியோடு போனேன். வாசலில் ஒருவர் கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. மாலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் காலடி மண்ணை நனைத்திருந்ததால், அவர் வந்து நேரமாகியிருக்க வேண்டும்.

கதவு திறந்ததும் என்னைத் தாண்டி உள்ளே போனார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி நடந்து, நடுவில் இருந்த பெரிய படத்தின் முன் நின்றார். மாலையைச் சட்டத்தின் மேல் போட்டுக் கும்பிட்டார்.

"நல்ல மனுசன்," என்றார் என்னிடம். "நெல்லக் கொண்டாந்து போட்டா எடையில கை வைக்க மாட்டாக. எப்பத் தவறுனாக?"

"யாரு?"

"மில்லுக்காரவுகதான்."

"அவுகளா? நேத்து ராத்திரி இந்த வழியாத்தானே வண்டியில போனாக."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்து ராத்திரிதானா? பொசுக்குனு போயிட்டாகளே! அதுக்குள்ள படமும் மாட்டிட்டீகளே!"

அது ஒரு புகைப்படக் கண்காட்சியின் இரண்டாம் நாள். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்று வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. படங்களை எடுத்தவர் என் முதலாளி சங்கரலிங்கம் அண்ணன். யுத்தம் முடிந்து, படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகள் மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்த காலம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு சண்டை. நான் ஓய்வு பெற்ற மதுரை நாளிதழின் படப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு முகம்கூடத் தெரியாத படம் ஒன்றை எடுத்து வந்தாராம். போடலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். அவர் என் வீட்டுக்கு வந்து, "உங்க காலத்துல இப்படி யாராவது எடுத்தாங்களா சார்?" என்று கேட்டார். எடுத்தார்கள் என்றேன். விளைவையும் எழுதித் தரச் சொன்னார்.

தொழில் கற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் சுமந்தேன், பிளேட் கழுவினேன், இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் கைகளை மட்டும் நம்பப் பழகினேன். பிறகு அண்ணன் ஒரு கூர்மையான பென்சிலையும் மெல்லிய தூரிகையையும் கொடுத்து ரீடச் மேசையில் உட்கார வைத்தார். அம்மைத் தழும்பை நிரப்புவது, இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவது, பெண்ணின் மூக்குத்திக்கு மினுக்கு வைப்பது என் வேலை. இவற்றைவிடப் பெரிய வேலை கண் வரைவது.

அதை விளக்க வேண்டும். அந்த நாளில் உயிரோடு இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்ளப் பயந்தார்கள். ஆயுசு குறையும் என்பார்கள். ஆயுசு முடிந்த பிறகு அந்தப் பயம் இல்லை. அதனால் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் எழவு வீட்டிலிருந்து வந்தவை. அனுமந்தன்பட்டியில் ஒரு சாவு என்றால் ஆள் வருவான். மாட்டுவண்டியில் கேமராப் பெட்டி, முக்காலி, வெள்ளைத் திரை, கை வைத்த தேக்கு நாற்காலி நான்கையும் ஏற்றுவோம். இறந்தவரை அந்த நாற்காலியில்தான் உட்கார வைப்போம். மார்பைச் சுற்றிக் கயிறு, கயிற்றை மறைக்க அங்கவஸ்திரம். அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கூர்மை பார்ப்பார். வெளியே வந்து லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடுவார். அவ்வளவு நேரம் ஆடாமல் இருக்கச் செத்தவர்களால்தான் முடியும். எழவு வீட்டில் எங்களுக்கு ஒரு பிளேட்கூட வீணானதில்லை.

படம் காய்ந்ததும் என்னிடம் வரும். மூடிய இமையின் மேல் முதலில் வெள்ளை, காய்ந்ததும் நடுவில் கருவிழி, கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் புள்ளி விழ வேண்டும். இடம் மாறினால் இறந்தவர் மாறுகண்ணாகிவிடுவார். நான் ஒழுங்காகத்தான் வரைந்தேன். ஆனால் எனக்கு ஒரே மாதிரிக் கண்தான் வரையத் தெரியும். கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை எந்த வீட்டுக் கூடத்திலும் செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள் போல ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டோக்கடைக் கண்ணு" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

சங்கரலிங்கம் அண்ணன் மெலிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாக்குவாதம் வந்தால் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். படம் எடுக்கிற மாதிரி இருக்கும். உள்ளே பிளேட் இருக்காது. கேட்கிற கேள்விக்குத் துணிக்குள்ளிருந்தே பதில் வரும். அவர் மனைவி வீட்டுச் செலவு பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் கேமராவைப் பூட்டிவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்.

அவருடைய பாணி மூன்று முறை மாறியது. நான் சேர்ந்தபோது எல்லாக் கடையையும் போல அரண்மனைத் தூண் வரைந்த திரை, பூத்தொட்டி, விறைத்த ஆட்கள். பிறகு யாரோ தேயிலைத் தோட்டத்துத் துரை விட்டுச்சென்ற படப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. அதைப் பார்த்து லென்ஸின் மேல் மெல்லிய துணி கட்டிப் பனிமூட்டமாக எடுத்தார். உத்தமபாளையத்து அம்மாள் ஒருவர் தன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நான் அடுப்பூதும்போதா எடுத்தீக?" என்று கேட்டார். அண்ணன் துணியை அவிழ்த்துவிட்டார்.

மூன்றாவது பாணி எழவு வீட்டில் பிறந்தது. "உசுரோட இருக்கறவன் கேமரா முன்னால செத்தவன் மாதிரி வெறைக்கிறான். செத்தவன்தான் இயல்பா இருக்கான். அப்ப உசுரோட இருக்கறவன் எப்பம்ப்பா இயல்பா இருப்பான்?" என்று என்னிடம் கேட்டார். "தூங்கும்போது," என்று அவரே பதிலும் சொன்னார்.

அதன் பிறகு ஒரு வருடம் தூங்குகிறவர்களைத் தேடி அலைந்தோம். புளியமரத்தடியில் வண்டிக்காரர்கள், ஏலக்காய் மூட்டை மேல் சுமைக்காரர், தறியில் தலை சாய்த்த நெசவாளி, சந்தையில் தன் பூசணிக்காய்களுக்கு நடுவே இன்னொரு காயாகச் சுருண்டிருந்த ஒரு பெண். முகத்தில் விழுந்த ஓலை நிழலையும் மூச்சு விட்ட உதட்டின் ஈரத்தையும் அவர் எடுத்த விதத்தை, பின்னாளில் ஆயிரக்கணக்கான படங்களைக் கையாண்ட பிறகும் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. படத்தை யாரிடம் காட்டினாலும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இது யாரு?" அதுதான் அவரை வாட்டியது.

"ஒரே ஒரு ஆளாச்சும் 'இது யாரு'ன்னு கேக்காம படத்தப் பாக்கணும்ப்பா. அதுக்கப்புறம் நான் அரண்மனைத் தூணையே எடுத்துட்டுப் போறேன்," என்பார். அதற்காகத்தான் கண்காட்சி.

இடம் கொடுத்தவர் மில்லுக்காரர். மார்க்கையன்கோட்டைக்காரர், சின்னமனூரில் அரிசி மில் வைத்திருந்தார். எங்கள் ஸ்டூடியோ இருந்த கட்டடமும் பக்கத்துக் கிட்டங்கியும் அவருடையவை. வடக்கு வெளிச்சத்துக்காக அண்ணன் கூரையில் கண்ணாடி பதித்திருந்தது அந்தக் கட்டடத்தில்தான். அவர் போகச் சொன்னால் அந்தக் கூரையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிட்டங்கியை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "என் படம் நடுவுல இருக்கணும். பெருசா இருக்கணும்."

இருந்தது. ஆனால் அவர் மனதில் இருந்தது தலைப்பாகையும் கடிகாரச் சங்கிலியுமாக எடுத்த படம். அண்ணன் மாட்டியது, மில்லில் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சாய்ந்து தூங்கும்போது எடுத்த படம். "என்கிட்ட இருக்கறதுலயே நல்ல படம் அதுதான்," என்றார். நான் ஆட்சேபித்தபோது துணிக்குள் போய்விட்டார். படங்களின் கீழே பெயராவது எழுதலாம் என்றேன். "எழுத்து இருந்தா எழுத்தத்தான் படிப்பாக," என்று துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

நோட்டீஸின் வாசகத்தையும் அவரே எழுதினார். "சின்னமனூரில் மாபெரும் படத் திறப்பு விழா. அனைவரும் வருக." படங்களைப் பார்வைக்குத் திறப்பது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். படத் திறப்பு என்றால் இறந்தவரின் படத்தைத் திறந்து மாலை போடுவது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர. அச்சகத்துக்காரர் தலைப்பைப் பார்த்ததும் கேட்காமலே நாலு பக்கமும் தடித்த கறுப்புக் கோடு போட்டுவிட்டார். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. "கறுப்பும் வெள்ளையும். நம்ம தொழில் மாதிரியே இருக்கு பாரு."

முதல் நாள் கூட்டம் வந்தது. மில்லுக்காரர் வெளியூர் போயிருந்தார், இரவுதான் ஊர் திரும்பினார். ஆண்கள் உள்ளே நுழையும்போதே துண்டை இடுப்பில் கட்டினார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. பூசணிக்காய்க்காரியின் படத்தின் முன் மூன்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வெளியே போனவர்கள் வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"பாத்தியா?" என்றார். "ஒருத்தர்கூட இது யாருன்னு கேக்கலைப்பா. கண்ணு கலங்குது. ஒரு படத்தால இது முடியுது."

எனக்கும் அப்போது சந்தேகம் வரவில்லை. ரோஜா மாலைக்காரரைப் பார்த்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. அவர் போய்ச் சிறிது நேரத்தில் மில்லுக்காரரே வந்துவிட்டார். வண்டி நிற்கும் முன் குதித்தார்.

"சங்கரலிங்கம்! வெளிய வாய்யா! காலையில பல்லு வெளக்கிட்டு நிக்கேன், நாலு பேரு ஒப்பாரி வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாக. என்னையப் பாத்துட்டு ஒருத்தன் ஓடியே போயிட்டான். என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

அண்ணன் துணிக்குள் போனார்.

மில்லுக்காரர் தன் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "அடுத்த வாரம் எம்மகளுக்கு நிச்சயம். ஓடைப்பட்டி சம்பந்தி காதுக்கு இது போச்சுன்னா என்ன ஆகும்? பொண்ணுக்கு அப்பன் செத்தா ஒரு வருசத்துக்குக் கல்யாணம் பேசுவாகளா? நல்ல எடம்யா. மூணு வருசமாத் தேடிப் பிடிச்ச எடம். அது தவறிச்சு, நீயும் ஒன் கண்ணாடிக் கூரையும் அன்னைக்கே தெருவுல."

"படத்த எறக்கிரலாம்," என்றது துணி.

"எறக்குனா? 'எடுத்துட்டுப் போயிப் பொதைச்சுட்டாக'ம்பான். படம் இங்கனயே இருக்கட்டும். கண்ண மட்டும் தெறந்து விடு. கண்ணு தெறந்திருந்தா உசுரோட இருக்கேன்னு எவனுக்கும் புரியும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருடைய ஆகச் சிறந்த படம் அது. "வரைஞ்சிருப்பா," என்றது துணி.

தூரிகையை எடுத்து வந்தேன். வெள்ளை, கருவிழி, இடப்பக்கம் புள்ளி. மில்லுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்து, "ஆங், இப்பத்தான் மனுசன்," என்றார்.

அடுத்து வந்த இருவர் பக்கத்து ஊர் விவசாயிகள். ஒருவர் படத்தின் அருகில் போய் உற்றுப் பார்த்தார். திரும்பி மற்றவரிடம் சொன்னார்: "ஏலே, நெசந்தான்டா. போட்டோக்கடைக் கண்ணு வச்சாச்சு."

மில்லுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். "நல்லாப் பாருங்கய்யா! நான் இங்கன நிக்கேன்ல?"

அவர்கள் அவரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். மூத்தவர் கும்பிட்டார். "அச்சு அசலா உங்க அண்ணன் மாதிரியே இருக்கீக. மனசத் தேத்திக்கங்க. இனிமே குடும்பத்துக்கு நீங்கதான்."

அதன் பிறகு மில்லுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிடுவது. வருகிறவனிடம் எல்லாம் பேசிப் புரியவைப்பது. "நாக்காலி கொண்டா," என்றார். எங்களிடம் இருந்தது ஒரே நாற்காலி. கை வைத்த தேக்கு நாற்காலி. கொண்டுவந்து போட்டேன்.

மதியம் வரை பேசினார். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் தம்பிக்கு ஆறுதல் சொன்னார்கள். வீட்டிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு வந்தது. கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மார்பின் மேல் போட்டுக்கொண்டார். கூரையின் ஓட்டு இடுக்கிலிருந்து வெயில் ஒரு கீற்றாக இறங்கி அவர் நெற்றியில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்தது.

அண்ணன் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிளேட் கொண்டா," என்று கிசுகிசுத்தார்.

"அண்ணே, வேணாம்ண்ணே."

"வெளிச்சம் போயிரும்ப்பா."

முக்காலியை அவருக்கு நேரே நிறுத்தினார். இந்த முறை துணிக்குள் போனது உண்மையிலேயே படம் எடுக்க. அவர் வெளியே வந்து மூடியைக் கழற்றிய அந்த நேரத்தில்தான் ஓடைப்பட்டிச் சம்பந்தி கோட்டைச்சாமி, தன் தங்கையோடும் உறவுக்காரர்களோடும் வாசலுக்கு வந்தார். கையில் மாலை, சாவுக்குப் போடும் கோடி வேட்டி.

அவர்கள் கண்டது இது: மேலே மாலை போட்ட படம். படத்தில் போட்டோக்கடைக் கண். கீழே போட்டோக்கடை நாற்காலியில் கண் மூடி உட்கார்ந்திருக்கும் மனிதர். எதிரே லென்ஸ் மூடியைக் கையில் பிடித்தபடி நிற்கும் போட்டோக்காரர். இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

"ஐயோ, எங்க சம்பந்தி!" என்று தங்கைக்காரி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "சபையில ஒக்காந்தாப்பல ஒக்கார வச்சுட்டாகளே! எம்மருமகள இனி யாரு கையப் பிடிச்சுக் குடுப்பா!"

மற்ற பெண்களும் சூழ்ந்துகொண்டு குரல் கொடுத்தார்கள். கோட்டைச்சாமி கண்ணீரைத் துடைத்தபடி கோடி வேட்டியை மில்லுக்காரர் மடியில் வைத்தார்.

அண்ணன் எண்ணி முடித்து மூடியைப் போட்ட பிறகுதான் மில்லுக்காரர் திடுக்கிட்டு விழித்தார். சுற்றிலும் தலைவிரி கோலமாகப் பெண்கள். "யாரு வீட்டு எழவு இது?" என்றார்.

கோட்டைச்சாமி கை கூப்பியபடியே பதில் சொன்னார்: "உங்களுதுதான் சம்பந்தி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் சாய்ந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். பெண்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். வாசலில் மில்லுக்காரரின் மனைவி சீனியம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களைச் சமாளித்துக் களைத்துப்போய், நேரில் பார்த்துவிட வண்டி கட்டி வந்தவர்.

"எங்க ஓடுறீக? நில்லுங்க," என்றார். நின்றுவிட்டார்கள். நேராகப் படத்தின் முன் போனார். அங்கேயே நின்றார். "கண்ண வரைஞ்சது யாரு?"

"நாந்தான் ஆத்தா."

"இது யாரு கண்ணோ. இந்த மனுசனுக்கு இம்புட்டு நல்ல கண்ணு ஏது? வரையாத படம் இருக்கா?"

அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போய் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தார். சீனியம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தைக் காதருகே கொண்டுபோனார்.

"சம்பந்தி, இங்கன வாங்க. இது செத்த மூஞ்சியா? நல்லாப் பாருங்க, இந்தா ஒதடு உப்பியிருக்குல்ல, இப்ப மூச்ச இழுத்துக்கிட்டு இருக்காக. அடுத்தாப்பல விடுவாக பாருங்க ஒண்ணு, மாடு கட்டறுத்துக்கிட்டு ஓடும். இருவத்தஞ்சு வருசமா ராத்திரிக்கு ராத்திரி கேக்குறவ நானு. நான் கொறட்டையே விடுறதில்லைன்னு சத்தியம் பண்ணுவாக. இனிமே பண்ணட்டும்."

கோட்டைச்சாமி குனிந்து பார்த்தார். அவர்தான் முதலில் சிரித்தார். தங்கைக்காரி முந்தானைக்குள் சிரித்தார். மில்லுக்காரர் எழுந்து வந்து மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நான் இப்பிடியா தூங்குறேன்?"

"இன்னும் மோசமா," என்றார் சீனியம்மா. "போட்டோக்காரரு கொஞ்சம் அழகாத்தான் காட்டியிருக்காரு. இந்தப் படம் எனக்கு வேணும்."

அண்ணன் துணியைத் தேடவில்லை. கிட்டங்கியின் நடுவில் எல்லாரும் பார்க்க நின்றுகொண்டிருந்தார். "சத்தம் கேக்குதாம்ப்பா," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அன்று மாலை, நாற்காலியில் அவரை எடுத்த அந்த பிளேட்டைக் கழுவினோம். அழுத பெண்கள் எல்லாரும் ஆடியதால் வெறும் புகையாக விழுந்திருந்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் ரோமம் வரை துல்லியமாக இருந்தார். அண்ணன் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த பாணி அங்கே தொடங்கியது. அது வேறு கதை.

நிச்சயம் குறித்த நாளில் நடந்தது. கட்டடத்தைக் காலி பண்ணும் பேச்சு மறுபடி வரவில்லை. கோடி வேட்டியை இரண்டு வீட்டாரும் தொட மறுத்துவிட்டதால் அது எங்கள் இருட்டறைச் சன்னலுக்குத் திரையானது. வெள்ளைத் துணி வெளிச்சத்தை மறைக்காது என்று அதைக் கறுப்புச் சாயத்தில் முக்கினோம். நான் மதுரைக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தேன். முப்பது வருடம் படங்களுக்குக் கீழே யார், எங்கே, என்ன செய்கிறார் என்று எழுதினேன்.

மில்லுக்காரர் பல வருடம் கழித்து, பேரன் பேத்தி எடுத்து, ஒரு மார்கழியில் இறந்தார். செய்தி கேட்டதும் அண்ணன் கேமராப் பெட்டியையும் முக்காலியையும் தேக்கு நாற்காலியையும் வண்டியில் ஏற்றிவைத்துக்கொண்டு மதியம் வரை கடையில் காத்திருந்தாராம். கூப்பிட ஆள் வரவில்லை. மார்க்கையன்கோட்டை வீட்டுக் கூடத்தில் அந்தத் தூங்கும் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கண் வரைந்து தரும்படி யாரும் கேட்கவில்லை.